வாசகர் கேள்வி–பதில்: இலவசப் பாடநூலுக்கு யார் கூலி கொடுப்பது?

கேள்வி: என் மகள் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டம் படிக்கிறாள். பேராசிரியர்கள் நல்கை (ஒரு பணிக்கென்று கொடுக்கப்படும் உதவிப் பணம்) பெற்று, யாரும் இலவசமாகப் படிக்கவும் பகிரவும் கூடிய ‘திறந்த’ பாடநூல் தயாரித்திருப்பதால் இந்தப் பருவத்தில் இரண்டு பாடங்களுக்குப் புத்தகமே வாங்க வேண்டியதில்லை என்கிறாள். பேராசிரியருக்குக் கொடுக்கும் பணத்தில் மாணவர்களுக்கே புத்தகம் வாங்கிக் கொடுத்துவிடலாமே?
– வாசகர் ஒருவர், திருநெல்வேலி

பதில்: வாங்கிக் கொடுத்தால் அது அந்த ஆண்டோடு முடிந்துவிடும், அடுத்த ஆண்டு புதிய மாணவர்களும், பெரும்பாலும் புதிய விலையில் புதிய பதிப்பும் வந்து நிற்பார்கள். 2006 ஜனவரிக்கும் 2016 ஜூலைக்கும் இடையில் அங்கே கல்லூரிப் பாடநூல்களின் விலை 88 விழுக்காடு உயர்ந்ததாக அந்நாட்டு அரசின் விலைப் புள்ளிவிவரம் சொல்கிறது. காரணம் எளிது: நூலைத் தேர்ந்தெடுப்பவர் பேராசிரியர், காசு கொடுப்பவர் மாணவர். பதிப்பகத்தார் இணங்க வைக்க வேண்டியது காசு கொடுக்காத ஒருவரைத்தான். 2014இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், விலைக்கு அஞ்சிப் பாடநூலை வாங்காமலே விட்டதுண்டு என்று மாணவர்களில் 65 விழுக்காட்டினர் சொன்னார்கள்.

நல்கை அந்தத் தேர்ந்தெடுப்பவரிடமே போய்ச் சேருகிறது. ஜார்ஜியாவின் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான ‘அஃபோர்டபிள் லேர்னிங் ஜார்ஜியா’ திட்டம் 2014 முதல் இதைச் செய்துவருகிறது. ஆசிரியர்கள் குழுவாக விண்ணப்பித்து, பெரிய பணிகளுக்கு 30,000 டாலர் வரை பெற்றிருக்கிறார்கள். இத்தகைய விண்ணப்பங்களில் முதலில் கேட்கப்படுவது, பாடத்தை ஆண்டுக்கு எத்தனை பேர் படிக்கிறார்கள், இப்போதைய நூலின் விலை என்ன என்பவையே. மாதிரிக்கு, 300 மாணவர்கள், 120 டாலர் நூல் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 36,000 டாலர் மிச்சம், நல்கையோ ஒருமுறைதான். (இந்தக் கணக்கு சற்று மிகைப்பட்ட கணக்கு என்பதையும் சொல்ல வேண்டும். பழைய பிரதி வாங்குபவர், வாடகைக்கு எடுப்பவர், நண்பருடையதைப் பார்த்துப் படிப்பவர் எல்லாரையும் முழு விலை கொடுத்தவர்களாகவே அது எண்ணுகிறது. நான் எப்போதும் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டே படிப்பேன்.)

கேள்வி: சில இடங்களில் நல்கை ஆயிரம் டாலர்தான் என்கிறார்கள். ஆயிரம் டாலருக்கு ஒரு பாடநூலை யார் எழுதுவார்கள்?
– ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர், மதுரை

பதில்: எழுத மாட்டார்கள், பெரும்பாலான நல்கைகள் அதைக் கேட்பதும் இல்லை. ஆம்ஹர்ஸ்டில் உள்ள மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் 2011இல் தன் நூலகத்தின் துணையோடு தொடங்கிய திட்டத்தின் முதல் சுற்றில் ஆயிரம் டாலர் வீதம் 10 நல்கைகளே வழங்கப்பட்டன. அந்தத் தொகை நூலுக்கான விலையன்று. பாடத்தைக் கலைத்து மீண்டும் அடுக்குவதற்கு ஆசிரியர் செலவிடும் கோடை விடுமுறைக்கான கூலி என்பதே சரி.

உங்கள் துறையையே எடுத்துக்கொள்வோம். ஹூஸ்டனில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தின் திறந்த பாடநூல் வெளியீட்டுத் திட்டமான ஓப்பன்ஸ்டாக்ஸ் 2012இல் வெளியிட்ட முதல் நூல்களில் ஒன்று கல்லூரி இயற்பியல். அதை எடுத்து, தம் பாடத்திட்டத்துக்கு ஏற்ப அத்தியாயங்களை இடம் மாற்றி, வேண்டாத பகுதிகளை நீக்கிவிடுவது சில வார வேலைதான். தலைவலி அதற்குப் பிறகே தொடங்கும். விலைக்கு வந்த பழைய நூலோடு வகுப்புக்கான படவில்லைகள், வினாவங்கி, கணினியே திருத்திக் கொடுக்கும் வீட்டுப்பாடம் ஆகிய அனைத்தும் வந்துகொண்டிருந்தன. அந்த வீட்டுப்பாடத்துக்குள் நுழைய மாணவர் ஒவ்வொருவரும் தனியே ஒரு குறியீட்டைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. நூலைக் கைவிட்டால் இவை அத்தனையும் கைவிட்டுப் போகும். எனவே ஆசிரியர் நூற்றுக்கணக்கான கணக்குகளைத் தாமே அமைத்து, எண்களை மாற்றி, விடைகளைச் சரிபார்த்து ஏற்ற வேண்டும். இத்தனை ஆண்டுகளாக வகுப்பில் காட்டிவந்த படம் பதிப்பகத்துக்கு உரியது என்றால் அதையும் புதிதாக வரைய வேண்டும். இந்த இடத்தில் நூலகரின் உதவி இல்லாமல் எந்தக் குழுவும் தப்பியதாக எனக்குத் தோன்றவில்லை.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் இன்னும் நுட்பமாக நடந்துகொண்டது. அதிக மாணவர்கள் சேரும் 40 பாடங்களுக்குத் திறந்த நூல்கள் தரப்போவதாக 2012இல் அறிவித்துவிட்டு, முதலில் புதிய நூல் எழுதச் சொல்லாமல், ஏற்கெனவே உள்ள நூல்களைப் படித்து மதிப்புரை எழுதும் ஆசிரியருக்கு 250 டாலர் கொடுத்தது. மதிப்புரைக்காகப் படித்தவர்களில் சிலராவது நூலை வகுப்புக்கு எடுத்துச் செல்வார்கள் அல்லவா?

கேள்வி: இலவச நூலால் மதிப்பெண் குறையாதா?
– கல்லூரி மாணவி, ஈரோடு

பதில்: குறையவில்லை. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் 21,822 மாணவர்களின் மதிப்பெண்களை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, திறந்த நூலுக்கு மாறிய பிறகு மதிப்பெண்கள் உயர்ந்ததாகவும், அரசின் உதவித்தொகை பெறும் ஏழை மாணவர்களிடம் அந்த உயர்வு கூடுதல் என்றும் சொன்னது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வந்த மற்றொன்று சற்று நிதானமானது: மதிப்பெண்ணில் வேறுபாடு இல்லை, பாடத்தைப் பாதியில் விடுவோர் மட்டும் குறைகிறார்கள். நான் இரண்டாவதையே நம்புகிறேன்.

கேள்வி: இந்த நூல்களைத் தமிழில் பெயர்த்து என் வகுப்பில் பயன்படுத்தலாமா?
– கல்லூரி ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: உரிமத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். படைப்பைப் பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில், மூல ஆசிரியரைக் குறிப்பிட்டால் போதும் என்னும் வகையில் மொழிபெயர்க்கலாம், அச்சிட்டு விற்கவும் செய்யலாம். ஓப்பன்ஸ்டாக்ஸின் நுண்கணித நூல்களுக்கு உள்ள உரிமம் வேறு: மொழிபெயர்க்கலாம், ஆனால் வணிக நோக்கில் விற்கக் கூடாது, உங்கள் மொழிபெயர்ப்பையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். ‘மாற்றக் கூடாது’ என்ற நிபந்தனை இருந்தால், மொழிபெயர்ப்பும் மாற்றமாகவே கொள்ளப்படுவதால், அதை வெளியிட வழியில்லை. ஓப்பன்ஸ்டாக்ஸின் பெயர், சின்னம், அட்டைப்படம் ஆகியவை இந்த உரிமங்களுக்குள் வருவதில்லை. அட்டையை நீங்களே புதிதாகச் செய்துகொள்ளுங்கள்.

தொடங்குமுன் இன்னொன்றையும் யோசித்து வைப்பது நல்லது. முதல் பதிப்புக்கு நல்கை கிடைப்பது எளிது. மூன்றாண்டு கழித்துப் பிழை திருத்தவும் செத்துப்போன இணைப்புகளை மாற்றவும் பணம் கொடுப்பவர்கள் குறைவு. ஜார்ஜியாவில் இதை உணர்ந்து, ஏற்கெனவே உள்ள பாடப்பொருளை மேம்படுத்துவதற்கென்றே சிறு நல்கைகள் தருகிறார்கள். உங்களுக்கு அப்படி யாரும் தராவிட்டால், நூல் முழுவதையும் ஒரே மூச்சில் பெயர்க்காமல், இந்தப் பருவத்தில் நடத்தும் இரண்டு அத்தியாயங்களோடு தொடங்கி, மாணவர்கள் வகுப்பில் சுட்டும் பிழைகளை அன்றன்றே திருத்திக்கொண்டு போங்கள்.