கேளிக்கைப் பூங்கா அருகே கூடாரம்: குறைந்த செலவில் எங்கே தங்குவது?

பிள்ளைகளோடு கேளிக்கைப் பூங்காக்களுக்குப் போகும்போதெல்லாம் நாங்கள் விடுதியில் தங்குவதில்லை; கூடாரம் போட இடம் வாடகைக்கு விடும் முகாம்களில் கூடாரம்தான். பல ஆண்டுகளாக இப்படித்தான். விடுமுறை நெருங்குவதால் அதுபற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அக்கா, பூங்கா வாசலை ஒட்டிய முகாமில் ஒரு இரவு வாடகை, இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் முகாமைவிட இரண்டு மடங்கு. தள்ளிப் போய்த் தங்குவதுதானே லாபம்?

வாடகையை மட்டும் பார்த்தால் லாபம்தான். ஆனால் ஒரு தாளை எடுத்து, அந்த மூன்று நாளில் உங்கள் பையிலிருந்து போகப்போகும் எல்லாவற்றையும் எழுதிப் பாருங்கள். பெரிய பூங்காக்கள் பலவற்றில் கார் நிறுத்த நாள்தோறும் தனிக் கட்டணம் உண்டு. நடந்தோ முகாமின் இலவசப் பேருந்திலோ போகிறவர்களுக்கு அது முழுதாக மிச்சம். அடுத்தது எரிபொருள். காலையில் போய் இரவில் திரும்பினால் நாளுக்கு நாற்பது கிலோமீட்டர். சிறு பிள்ளைகள் இருந்தால் மதியம் ஒரு முறை வந்து தூங்கவைத்துத் திரும்ப வேண்டியிருக்கும், அப்போது எண்பது. தூரம் என்று மதியம் வராமல் இருந்துவிட்டால், பூங்காவுக்குள்ளேயே எல்லோருக்கும் சாப்பாடு வாங்க வேண்டும். என் அனுபவத்தில் கையைக் கடிக்கும் செலவு அதுதான்.

முகாமின் வாடகையிலும் ஒளிந்திருக்கும் தொகைகள் உண்டு: நான்கு பேருக்கு மேல் ஆளுக்கு இவ்வளவு, இரண்டாவது காருக்கு இவ்வளவு, முன்பதிவுக் கட்டணம், வரி, சில இடங்களில் வெந்நீர் வர நாணயம் போட வேண்டும். எல்லாவற்றையும் கூட்டிய பிறகு ஒப்பிடுங்கள். பெரியவர்கள் இருவர் மட்டும் போனால் தள்ளியிருக்கும் முகாம் பெரும்பாலும் ஜெயிக்கும். மூன்று வயதுக் குழந்தை உடன் இருந்தால் நான் கிட்டத்தில்தான் தங்குவேன்.

பூங்காக்காரர்களே நடத்தும் முகாம்கள் எப்படி? விலை கூடுதல் என்கிறார்களே.

எல்லா இடத்திலும் ஒரே கதை இல்லை. அமெரிக்காவின் புளோரிடாவில், வால்ட் டிஸ்னி வேர்ல்டு திறந்த 1971ஆம் ஆண்டிலேயே ஃபோர்ட் வில்டர்னஸ் முகாமும் திறக்கப்பட்டது. அங்கிருந்து டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவுக்குப் படகிலேயே போகலாம். வசதி அதிகம், அதற்கேற்ற வாடகை. பென்சில்வேனியாவின் கனோபெல்ஸ் (Knoebels) பூங்கா இதற்கு நேர்மாறு. உள்ளே நுழையக் கட்டணம் இல்லை, காருக்கும் கட்டணம் இல்லை. ஏறும் ராட்டினத்துக்கு மட்டும் டிக்கெட் வாங்கினால் போதும். அங்கேயே முகாமும் இருக்கிறது. ராட்டினத்தில் ஏறாமல் வேடிக்கை பார்க்கும் தாத்தா பாட்டிக்கு இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு எனக்குத் தெரிந்து வேறில்லை. ஆக, முகாமின் விலையைத் தனியாகப் பார்க்காதீர்கள். பூங்கா எதற்கெல்லாம் காசு வாங்குகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

முகாமின் வரைபடத்தில் ஐம்பது இடங்கள் இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது?

எல்லோரும் அவசரமாகக் கடந்துவிடும் கேள்வி இது. ஒரே வாடகையில் நல்ல இடமும் உண்டு, மோசமான இடமும் உண்டு.

முதலில் நிழல். மாலை நிழலைவிடக் காலை நிழல் முக்கியம். இரவு பதினொன்றுக்குத் தூங்கிய பிள்ளையை ஏழு மணி வெயில் கூடாரத்துக்குள் வேகவைத்து எழுப்பிவிட்டால், அன்றைய டிக்கெட் காசில் பாதி அழுகையிலேயே போய்விடும். உங்கள் இடத்துக்குக் கிழக்கே மரம் இருக்கிறதா என்று பாருங்கள். முகாமின் விளம்பரப் படங்களைவிட, தங்கிவிட்டு வந்தவர்கள் எடுத்த படங்களில் இது நன்றாகத் தெரியும். மரத்தடியில் கூடாரம் போடுமுன் ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிடுங்கள். பட்ட கிளை தொங்கினால் அந்த இடம் வேண்டவே வேண்டாம்.

அடுத்து தரை. போய்ச் சேர்ந்ததும் குனிந்து பாருங்கள். சருகும் குச்சியும் ஒரே கோடாக ஒதுங்கிக் கிடந்தால், போன மழையில் தண்ணீர் அதுவரை வந்திருக்கிறது என்று பொருள். மண் வழவழவென்று காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தால் அங்கே தண்ணீர் தேங்கி நின்றிருக்கிறது. இரண்டையும் தவிர்த்து, கொஞ்சம் மேடாகப் போடுங்கள். கூடார முளை இறங்காத சரளைத் தரையா என்பதையும் முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கழிப்பறைக்கு மிக அருகில் வேண்டாம். இரவெல்லாம் விளக்கும் கதவுச் சத்தமும் இருக்கும். ஐம்பதடி தள்ளி, நடுவில் ஒரு புதர் இருந்தால் உத்தமம். ரோலர் கோஸ்டர் பக்கமாக இருக்கும் வரிசையையும் விட்டுவிடுங்கள். திறக்கும் நேரத்துக்கு முன்பே வெறும் பெட்டிகளை ஓட்டிச் சோதிப்பார்கள். அந்தக் கடகடப்பு காலைத் தூக்கத்தைக் கலைத்துவிடும்.

கடையில் '4 பேர் கூடாரம்' என்று போட்டிருக்கிறது. நாங்களும் நான்கு பேர். போதுமா?

போதாது. தோளோடு தோள் ஒட்டி நான்கு பேர் படுத்தால் என்ற கணக்கு அது. பைக்கும் செருப்புக்கும் அதில் இடமே இல்லை. ஆறு பேர் கூடாரம் வாங்குங்கள்.

மின்சார வசதியுள்ள இடத்துக்குக் கூடுதல் வாடகை கேட்கிறார்கள். தேவையா?

கூடாரத்துக்குத் தேவையில்லை. அது வண்டிவீட்டில் (கேரவனில்) வருபவர்களுக்கானது. சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க் இரண்டும், பேட்டரி விளக்கும், சிறு மின்விசிறியும் போதும். மருத்துவக் கருவி பயன்படுத்துபவர் உடன் இருந்தால் மட்டும் அந்தக் காசைத் தயங்காமல் கொடுங்கள்.

மழை பெய்தால் கூடாரத்துக்குள் அடுப்பு வைத்துச் சமைக்கலாமா? வெளியே சாப்பிடுவது கட்டுப்படியாகவில்லை.

தம்பி, கூடவே கூடாது. தீப்பிடிக்கும் ஆபத்து மட்டுமில்லை. மூடிய கூடாரத்துக்குள் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கி, தூங்குபவர்களைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். அணைந்ததுபோல் தெரியும் கரித்துண்டும் அதே வாயுவைத்தான் விடுகிறது. குளிருக்கு என்று அதையும் உள்ளே கொண்டு போகாதீர்கள். மழை நாளுக்கென்று ரொட்டி, பழம், வேர்க்கடலை போல அடுப்பே தேவைப்படாத ஒருவேளைச் சாப்பாட்டைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இடி இடித்தாலும் கூடாரம் காப்பாற்றாது. மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் இடையே முப்பது நொடிக்குள் இருந்தால், மின்னல் ஏறத்தாழ பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. எல்லோரும் காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகுதான் இறங்க வேண்டும்.

இரண்டு குடும்பமாகப் போகிறோம். ஒரே இடத்தைப் பகிர்ந்தால் பாதிச் செலவுதானே?

முகாம் அனுமதித்தால் நல்ல யோசனை. ஓர் இடத்துக்கு எத்தனை ஆட்கள், எத்தனை கூடாரங்கள் என்று வரம்பு வைத்திருப்பார்கள். அதை மீறினால் அங்கே போய்த்தான் சண்டை. வார நாட்களில் போக முடிந்தால் போங்கள். பல முகாம்களில் வாடகை குறையும், பூங்காவில் வரிசையும் குறையும். தொடர் விடுமுறைகளில் குறைந்தது இரண்டு மூன்று இரவுகள் எடுத்தே ஆகவேண்டும் என்பார்கள்.

அக்கா, முகாமுக்குப் போன் செய்து ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால் எதைக் கேட்பீர்கள்?

"இரவு வாசலை எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள்?"

ஒருமுறை மலிவாகக் கிடைத்தது என்று வனப்பகுதி முகாம் ஒன்றை எடுத்தோம். பூங்காவில் வாணவேடிக்கை முடிய இரவு பத்து மணி. பார்த்துவிட்டு வந்து சேர்ந்தபோது பத்தே முக்கால். வாசலில் குறுக்கே சங்கிலி, அதில் ஒரு பூட்டு. அலுவலக அறையில் விளக்கே இல்லை. கூடாரம் இருநூறு மீட்டரில் இருக்கிறது. போர்வையும் பாயும் அதற்குள். இருட்டில் காட்டுவழியே பிள்ளைகளை நடத்த மனம் வரவில்லை. காரிலேயே படுத்தோம். சின்னவள் என் மடியில் சுருண்டு, விடியும்வரை இருமிக்கொண்டே இருந்தாள். பத்து மணிக்கு மூடுவோம் என்று அவர்களுடைய விதித்தாளின் பின்பக்கத்தில் இருந்ததைக் காலையில்தான் படித்தேன்.

இப்போதெல்லாம் போய்ச் சேர்ந்ததும் நான் செய்யும் முதல் வேலை, வாசல் பூட்டைத் திறக்கும் எண்ணைக் கேட்டு வாங்குவதுதான். அதைத் துண்டுத் தாளில் எழுதிக் காருக்குள் கண்ணாடியின் கீழே ஒட்டிவிட்டு, அதன் பிறகுதான் கூடாரத்தின் முதல் முளையை அடிக்கிறோம்.