ஸ்டட் சுவருக்கு ஸ்ப்ரே ஃபோம்: கிட் போதுமா, மெஷின் வேண்டுமா?

கேள்வி: மரச்சட்டச் சுவர் வீடு. வெளிச்சுவர் 600 சதுர அடி. ஸ்டட்களுக்கு (செங்குத்தான சட்டக் கட்டைகள்) நடுவே மூன்றரை அங்குல ஆழம்; உள்பக்கம் இன்னும் மூடவில்லை. வெப்பத்தைத் தடுக்க ஸ்ப்ரே ஃபோம் அடிக்க, இரண்டு சிலிண்டருடன் வரும் கிட் வாங்கலாமா? பழைய ஹை-பிரஷர் மெஷின் ஒன்றும் விலைக்கு வருகிறது.

பதில்: கிட் போதும். இந்தப் பொருளைப் போர்டு அடியில் அளப்பார்கள்; ஒரு சதுர அடியில் ஒரு அங்குலத் தடிமன் என்றால் ஒரு போர்டு அடி. குளோஸ்ட் செல் ஃபோம் (குமிழ்கள் மூடிய, கெட்டியான வகை) 2 அங்குலம் அடித்தால் உங்களுக்கு 1,200 வேண்டும். பெட்டியில் 600 என்று போட்டிருப்பதை நம்பி இரண்டு கிட்டோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த எண் எல்லாம் சரியாக அமைந்தால் வருவது. நாசிலில் போவது, ஸ்டட் முகத்தில் ஒட்டுவது, சிலிண்டர் சூடு குறைவது எல்லாம் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மூன்றாக வாங்குங்கள்.

மூன்றரை அங்குலத்தையும் நிரப்பியாக வேண்டும் என்றில்லை. குளோஸ்ட் செல் அங்குலத்துக்கு ஏறக்குறைய ஆர்-6 முதல் 7 வரை தரும் (ஆர் என்பது வெப்பத்தைத் தடுக்கும் திறனின் அளவு), ஓப்பன் செல் (குமிழ்கள் திறந்த, மென்மையான வகை) ஆர்-3.5 அல்லது சற்று மேலே. ஆக, முன்னதில் 2 அங்குலமும் பின்னதில் குழி நிறைய அடிப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஓப்பன் செல் நீராவியைத் தடுக்காது என்பதால் குளிர்ப் பிரதேசத்தில் அதற்குத் தனியாக ஒரு தடுப்பும் போட வேண்டிவரும்.

கிட் சொதப்புவது பெரும்பாலும் சூட்டில்தான். சிலிண்டருக்குள் இருக்கும் திரவம் (ஒன்றில் ஐசோசயனேட், மற்றதில் ரெசின்; இரண்டும் கலந்தால்தான் ஃபோம்) 21 முதல் 29 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். அறைக் காற்று சூடாக இருந்தால் போதாது. நடுப்பகுதி சூடேற ஒரு நாளுக்கு மேலாகும். ஆறிய சிலிண்டரில் ஒரு பக்கம் கெட்டியாகி மெதுவாக வரும், விகிதம் கெடும். ஐசோசயனேட் கூடினால் ஃபோம் மொறுமொறுப்பாக உடையும். ரெசின் கூடினால் பிசுபிசுவென்று நின்று, மாதக்கணக்கில் மீன் வாடை அடிக்கும். அதை வெட்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. அதனால் முதலில் அட்டையில் அடித்துப் பாருங்கள். விசையிலிருந்து விரலை அரை நிமிடம் எடுத்தாலே நாசிலுக்குள் ஃபோம் இறுகும். உபரி நாசில்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

அடிக்கும்போது முதலில் குழியின் நான்கு ஓரங்களிலும் ஸ்டட்டை ஒட்டி ஒரு கோடு, பிறகு நடு. நேராக நடுவில் அடித்தால் ஃபோம் சுருங்கும்போது ஸ்டட்டை விட்டு விலகி, மயிரிழை இடைவெளி விடும். காற்று அதில்தான் நுழையும். ஒரே தடவையில் 2 அங்குலத்துக்கு மேல் ஏற்ற வேண்டாம். வேதிவினைச் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளே கருகும், தீப்பிடித்ததும் உண்டு. உங்கள் கிட் அதைவிடக் குறைவாகச் சொன்னால் அதன்படியே அடித்து, முதல் அடுக்கு ஆறியபின் அடுத்தது.

தூசிக்குப் போடும் துணி மாஸ்க் இதற்கு உதவாது. ஐசோசயனேட் ஒருமுறை ஒவ்வாமையைக் கிளப்பிவிட்டால் பிறகு துளி பட்டாலும் மூச்சிரைக்கும். முழு முக மாஸ்க், கரிம ஆவிக்கும் துகளுக்கும் சேர்ந்த புது கேட்ரிட்ஜ், கையுறை, முழு உடை ஆகியவற்றின் செலவும் கிட் செலவில் சேர்ந்ததே. 24 மணி நேரம் வீட்டில் யாரும் இருக்கக்கூடாது.

கேள்வி: தொழிலாகவே செய்யப்போகிறேன். பழைய மெஷினில் எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: வெறும் பம்ப்பை மட்டும் வாங்கிவிட்டுத் திணறுபவர்கள் நிறைய. ஹீட்டர் உள்ள ஹோஸ், டிரம்மிலிருந்து இழுக்கும் இரண்டு பம்ப்புகள், கம்ப்ரஸர், ஏர் டிரையர், வெளிக்காற்று தரும் சுவாசக் கருவி எல்லாம் சேர்ந்ததுதான் மெஷின். நடுத்தர மெஷினே 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஜெனரேட்டரை அதற்கேற்பப் பாருங்கள்.

ஓட்டிக் காட்டாத மெஷினை வாங்காதீர்கள். பிரஷர் ஏற்றி, ஸ்ப்ரே கன்னை மூடி வைத்துக் கவனியுங்கள். முள் தானாக இறங்கினால் பம்ப்பில் கசிவைத் தடுக்கும் பேக்கிங்கோ பால் வால்வோ போயிருக்கிறது. அடிக்கும்போது ஒரு பக்கம் மட்டும் பிரஷர் விழுந்தால் அந்தப் பக்கத்துக்குச் சரக்கு வரவில்லை. ஒரு பக்கம் மட்டும் ஏறினால் அந்தப் பக்கம் கன்னில் அடைப்பு. அடுத்து, கன்னைக் கழற்றி இரு பக்கத்தையும் ஒரே அளவுள்ள இரண்டு பாத்திரங்களில் தனித்தனியாகப் பிடியுங்கள். மட்டம் ஒன்றாக இருக்க வேண்டும், ஏனென்றால் விகிதம் கன அளவில் 1:1. சிவப்பு ஹோஸ் ஐசோசயனேட், நீலம் ரெசின். பொருத்திகள் இடம் மாறிய தடயம் தெரிந்தால் விட்டுவிடுங்கள், உள்ளே இறுகிப்போயிருக்கும்.

கேள்வி: ஜிப்சம் போர்டு அடித்து மூடிய சுவரில் துளை போட்டு இதே கிட்டை உள்ளே அடிக்கலாமா?

பதில்: கூடாது. விரிவதற்கு இடமில்லாமல் போர்டைப் பிதுக்கிவிடும், உள்ளே நிரம்பியதா என்றும் தெரியாது. மூடிய குழிக்கென்றே மெதுவாக எழும்பும் இன்ஜெக்ஷன் ஃபோம் தனியாக இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள்.