பவளத்தின் நிறம் வெளிறினால் நுண்தனிமக் குறைபாடுதானா? எந்த பாட்டில் வாங்குவது?

உங்கள் கடல்நீர்த் தொட்டியில் இருக்கும் மாண்டிபோராவின் (தட்டு மாதிரி வளரும் கல்பவளம்) ஆரஞ்சு நிறம் இரண்டு மாதமாக வெளிறிக்கொண்டே போகிறது, கால்சியமும் ஆல்கலினிட்டியும் (காரத்தன்மை) சரியாகத்தான் இருக்கின்றன, அப்படியென்றால் இது நுண்தனிமக் (தண்ணீரில் மிகச் சிறிய அளவில் இருக்கும் தனிமங்கள்) குறைபாடாகத்தானே இருக்கும், அவற்றை ஊற்ற எந்த பாட்டில் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாட்டிலை இப்போதைக்கு வாங்காதீர்கள். குறைபாடு என்பது பொய் என்று சொல்லவில்லை, உண்மையிலேயே வரும், எனக்கும் வந்தது. ஆனால் அதே வெளிறலை உண்டாக்கும் வேறு இரண்டு காரணங்கள் இன்னும் அதிகமாக நடக்கின்றன. அவற்றைப் பார்க்காமல் ஊற்ற ஆரம்பித்தால் பாசிக்குத்தான் விருந்து.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன், ஹாலில் 300 லிட்டர் தொட்டி, ஆறு வருடமாக ஓடுகிறது. முதல் வருடம் வாரம் தவறாமல் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினேன், பவளங்கள் நன்றாக வளர்ந்தன. வளர வளர கால்சியம் இழுப்பு கூடியதால் கால்சியம் குளோரைடு ஒரு பக்கம், சோடியம் பைகார்பனேட் ஒரு பக்கம் என்று, குறித்த அளவைத் தானாகவே ஊற்றும் டோசிங் பம்ப் வைத்தேன். எண்கள் அசையாமல் நின்றதும் தண்ணீர் மாற்றுவதை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்று குறைத்துவிட்டேன். நீங்களும் இதையேதான் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

ஆறேழு மாதத்தில் மாற்றம் தெரிந்தது. மாண்டிபோரா தட்டின் ஓரத்தில் வளரும் இடம் மெல்லிய வெள்ளைக் கோடாக இருக்கும், அது நல்ல அறிகுறி. அந்தக் கோடு மறைந்து ஓரம் மழுங்கிப்போனது, தட்டு முழுவதும் ஆரஞ்சு போய் பழைய செங்கல் தூள் மாதிரி ஆனது. பக்கத்தில் இருந்த நீல ஆக்ரோபோராவில் (கிளைவிட்டு வளரும் கல்பவளம்) நுனிகள் மட்டும் நீலம், கீழே எல்லாம் சாம்பல். கைபேசியில் உருப்பெருக்கிப் பார்த்தால் பாலிப்புகள் (பவளத்தின் மேல் பூப்போல விரியும் சிறு உயிர்கள்) பாதிதான் வெளியே வந்திருந்தன. ‘எல்லாத் தனிமங்களும் சேர்ந்தது’ என்று எழுதியிருந்த ஒரு பாட்டிலை வாங்கி மூன்று வாரம் ஊற்றினேன். பவளத்தில் எந்த மாற்றமும் இல்லை. கண்ணாடியில் மட்டும் பாசி, காலையில் துடைத்தால் சாயங்காலம் மறுபடியும் பழுப்பு.

அப்புறம்தான் ஒரு புட்டித் தண்ணீரை ஐசிபி சோதனைக்கு அனுப்பினேன். தெரியாதவர்களுக்காக: தண்ணீரை மிகச் சூடான வாயுவான பிளாஸ்மாவில் செலுத்தி, முப்பது நாற்பது தனிமங்களின் அளவை ஒரே தடவையில் எடுத்துத் தரும் ஆய்வகச் சோதனை அது. வந்த அறிக்கையில் பொட்டாசியம் 361 (கடல்நீரில் சுமார் 395), மெக்னீசியம் 1170 (கடலில் 1280), புரோமைடு 59 (கடலில் 65). எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராமில். மூன்று குறைபாடு, மூன்று பாட்டில் என்றுதான் முதலில் கணக்குப் போட்டேன். பிறகு வகுத்துப் பார்த்தால் மூன்றுமே சுமார் ஒன்பது சதவீதம் குறைவு. நான் தினமும் ஊற்றும் கால்சியம் மட்டும் 420-இல் நிற்கிறது.

உப்பு குறைவு, அவ்வளவுதான். உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை நான் வெறும் ஆர்ஓ தண்ணீரில் (உப்பு நீக்கி வடிகட்டிய தண்ணீர்) பூஜ்யம் வைத்துப் பயன்படுத்திக்கொண்டிருந்தேன். மலிவான கருவிகள் பூஜ்யத்தில் சரியாக இருந்துவிட்டு 35-இல் (ஆயிரத்துக்கு 35 பங்கு, கடல்நீரின் உப்பளவு) தப்பாகக் காட்டும். என்னுடையது 35 என்று காட்டியபோது தண்ணீர் உண்மையில் 32. முப்பத்தைந்துக்கென்றே விற்கும் அளவீட்டுக் கரைசலை ஒரு சொட்டு வைத்துச் சரிசெய்ய வேண்டும், இதைத் தயவுசெய்து இன்றே செய்யுங்கள். உப்பை ஒரே நாளில் ஏற்றக் கூடாது. ஆவியாகும் தண்ணீரை ஈடுகட்ட ஆர்ஓ தண்ணீருக்குப் பதிலாக உப்புத் தண்ணீர் ஊற்றி, இரண்டு வாரத்தில் 35-க்குக் கொண்டுவந்தேன். எந்த பாட்டிலும் இல்லாமல் பொட்டாசியமும் மெக்னீசியமும் தாமாகவே ஏறிவிட்டன, பாலிப்புகளும் விரிந்தன.

ஆனால் நிறம் வரவில்லை. இரண்டாவது காரணம், சாப்பாடு. பாஸ்பேட் கண்டாலே பயந்து நான் ஜிஎஃப்ஓ மணிகளை (பாஸ்பேட்டைப் பிடிக்கும் இரும்பு ஆக்சைடு) ரியாக்டர் என்னும் குழாய்க் கலத்தில் ஓடவிட்டிருந்தேன், சோதித்தால் 0.00 வரும், அதைச் சாதனை என்று நினைத்திருந்தேன். பவளத்துக்குள் குடியிருக்கும் பாசிக்குப் பாஸ்பரஸ் வேண்டும், அது இல்லாவிட்டால் அதன் ஒளிச்சேர்க்கை தள்ளாடும். இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் யோர்க் வீடன்மான் குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: நைட்ரேட் இருந்து பாஸ்பேட் பட்டினியாக இருந்தால், வெப்பமும் வெளிச்சமும் கூடும்போது பவளம் எளிதில் வெளுத்துவிடுகிறது. ரியாக்டரை நிறுத்தினேன், மீன்களுக்கு உறைந்த தீனியை ஒரு வேளை கூட்டினேன். பாஸ்பேட் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் பக்கம் வந்து நின்ற ஆறாவது வாரம் மாண்டிபோராவில் ஆரஞ்சு திரும்பியது. வெள்ளை ஓரமும் வந்தது. உங்கள் மாண்டிபோராவின் கதையும் இங்கேதான் இருக்கும் என்று எனக்குப் பலமாகத் தோன்றுகிறது, ஏனென்றால் கேள்வியில் பாஸ்பேட், நைட்ரேட் எண்களையே நீங்கள் தரவில்லை.

சரி, உண்மையான நுண்தனிமக் குறைபாட்டுக்கு வருவோம். உப்பும் உணவும் சரியான பிறகும் அந்த நீல ஆக்ரோபோரா சாம்பலாகவே இருந்தது. அறிக்கையில் அயோடின் லிட்டருக்கு 15 மைக்ரோகிராம், கடலில் சுமார் 60. மாலிப்டினம் பிடிபடவே இல்லை, கடலில் அது 10. இவை இரண்டும் எங்கே போயின என்று யோசித்தால் விடை சம்பிலேயே (வடிகட்டும் கருவிகள் இருக்கும் துணைத் தொட்டி) இருந்தது. ஆக்டிவேட்டட் கார்பன் (வடிகட்டும் கரி) அயோடினைப் பிடித்துக்கொள்கிறது, ஜிஎஃப்ஓ பாஸ்பேட்டோடு மாலிப்டினம், வனேடியம் போன்றவற்றையும் இழுத்துக்கொள்கிறது. நுரையோடு கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மரும் பாசியும் தங்கள் பங்குக்கு எடுக்கின்றன. நானோ கால்சியத்தையும் ஆல்கலினிட்டியையும் மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டு மற்றதெல்லாம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் தனிமங்கள் எதற்கு என்று ஓரளவு தெரிந்துவைத்திருப்பது நல்லது. மாங்கனீசு, ஒளிச்சேர்க்கையில் தண்ணீரைப் பிளக்கும் இடத்தில் நான்கு அணுக்களாக உட்கார்ந்திருக்கிறது, அந்த இடத்துக்கு மாற்று கிடையாது. துத்தநாகம், எலும்புக்கூடு கட்டும்போது கார்பன் டை ஆக்சைடைப் பைகார்பனேட்டாக மாற்றும் நொதிக்குள் இருக்கிறது. இரும்பு ஒளிச்சேர்க்கைக்கும் வேண்டும், வெப்ப அழுத்தத்தில் உண்டாகும் நச்சு ஆக்சிஜனைச் சமாளிக்கவும் வேண்டும். இத்தனை வேலை செய்தாலும் இரும்பும் மாங்கனீசும் திறந்த கடலின் மேல்மட்டத்தில் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் கீழேதான் இருக்கின்றன. இரும்பை ஊற்றினால் பெரும்பகுதி விரைவிலேயே படிந்துபோகும், அதனால் அறிக்கையில் அது பூஜ்யம் என்று வருவதை வைத்து மட்டும் பதற வேண்டாம். நான் அதைத் துரத்துவதே இல்லை.

தண்ணீர் மாற்றினால் போதாதா என்று கேட்பீர்கள். குறைபாடு வராமல் தடுக்க அதைவிட எளிய வழி இல்லை. ஆனால் வந்த குறைபாட்டை அது வேகமாகத் தீர்க்காது. தொட்டியில் அயோடின் 20, புது உப்புத் தண்ணீரில் 60 என்று வைத்துக்கொள்ளுங்கள், பத்து சதவீதம் மாற்றினால் 24-தான் ஆகும். அந்த வாரத்திலேயே பவளமும் கரியும் அதைத் தின்றுவிடும். அதனால் அயோடினை மட்டும் தனியாக, தினமும் காலையில், சிறிய ஊசிக்குழாயில் எடுத்து நீரோட்டம் பலமாக இருக்கும் இடத்தில் விட்டேன். அளவைக் கணக்கிடும்போது 300 லிட்டர் என்று எடுக்கவில்லை, பாறையும் மணலும் போக எனக்கு 250 லிட்டர்தான் தண்ணீர். கார்பனை மாதத்தில் ஒரு வாரம் மட்டும் வைத்தேன். ஒரு மாதம் கழித்து மறுபடி அனுப்பிய சோதனையில் அயோடின் 50. நீலம் நுனியிலிருந்து மெதுவாகக் கீழே இறங்கியது, முழுதாக இறங்க மூன்று மாதம் பிடித்தது.

அந்த இரண்டாவது அறிக்கையில் இன்னொன்றும் தெரிந்தது: துத்தநாகம் இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு. தேடிப் பார்த்தால் சம்ப் பின்னால் குழாயை இறுக்கியிருந்த கிளிப் துருப்பிடித்து உப்புநீரில் கரைந்துகொண்டிருந்தது. பம்புகளின் காந்தத்தில் உறை விரிசல் விட்டாலும் இதேதான் நடக்கும். செம்பு, துத்தநாகம் போன்றவற்றுக்குத் தேவையும் நச்சும் மிக அருகருகே இருக்கின்றன, நச்சில் வெளிறும் பவளமும் பட்டினியில் வெளிறும் பவளமும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். கலவை பாட்டிலை எண் தெரியாமல் ஊற்ற வேண்டாம் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான். குறைவாக இருக்கும் ஒன்றுக்காக ஏற்கெனவே மிஞ்சியிருக்கும் ஒன்றையும் சேர்த்து ஊற்றிக்கொண்டிருப்பீர்கள்.

நடுவில் ஒரு வார்த்தை, இந்தியாவில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு: மாண்டிபோரா, ஆக்ரோபோரா உள்ளிட்ட கல்பவளங்கள் அங்கே 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு ஒரே பட்டியலில் இருக்கின்றன. கடைக்காரர் என்ன சொன்னாலும் வாங்காதீர்கள்.

உங்களுக்கு என் வரிசை இது. முதலில் ரிஃப்ராக்டோமீட்டரைக் கரைசலில் சரிபாருங்கள். பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் சோதியுங்கள், இரண்டில் ஒன்று பூஜ்யமாக இருந்தால் அதைச் சரிசெய்து ஒன்றரை மாதம் பொறுங்கள். அந்த நேரத்தில் விளக்கையோ வேறு எதையுமோ மாற்றாதீர்கள், மாற்றினால் எதனால் நிறம் வந்தது என்று பிரித்துப் பார்க்க முடியாது. அதற்கும் அசையாவிட்டால் ஐசிபிக்கு அனுப்புங்கள். சாம்பிள் எடுக்கும் நாளில் காலையில் டோசிங் ஓடுவதற்கு முன்னால் எடுங்கள், புட்டியையும் மூடியையும் தொட்டித் தண்ணீரிலேயே மூன்று முறை அலசுங்கள், புட்டியின் உட்புறத்தில் விரல் படக் கூடாது. ஆர்ஓ தண்ணீரிலும் ஒரு புட்டி சேர்த்து அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள், சில நேரம் பிரச்சினை அங்கிருந்தே வருகிறது. அறிக்கை வரும்வரை தொட்டியில் எந்த நுண்தனிமத்தையும் ஊற்றாதீர்கள்.