சத்தத்தைவிட அழுக்கைப் பாருங்கள்

வாசகர் கேள்விகளுக்கு, டர்பன் துப்பாக்கிக் கடைக் கவுன்டரில் நின்றே தலை நரைத்துப்போன ஒருவரின் பதில்கள்

கேள்வி: ஐயா, எனக்குக் கொஞ்சம் கரும்புத் தோட்டம் உண்டு. உரிமம் உள்ள .22 போல்ட் ரைஃபிளுக்கு சைலன்சர் போட ஆசை. அதற்குத் தனி உரிமம் வேண்டுமா? ஒரு கடையில் மலிவாக, முழுக்க மூடிய குழாய் ஒன்றைக் காட்டினார்கள். இன்னொரு கடையில் பிரித்துக் கழுவக்கூடியது என்று இரட்டை விலை சொல்கிறார்கள். எதை வாங்கலாம்?
- டோங்காட் வாசகர்

பதில்: தம்பி, நம் தென்னாப்பிரிக்காவில் சைலன்சருக்கென்று தனி உரிமம் கிடையாது. 2000-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் துப்பாக்கிக்கும் குழலுக்கும் தோட்டாவுக்கும்தான் கணக்குக் கேட்கிறது. அதனால் குழல் முனையில் மரை வெட்ட வேண்டியிருந்தால் உரிமம் பெற்ற கன்ஸ்மித்திடமே (துப்பாக்கி வேலை செய்யும் கைவினைஞரிடமே) கொடுங்கள். மச்சானின் லேத் பட்டறை இதற்கு ஆகாது. மரையின் மையம் குழல் துளையின் மையத்தை விட்டு மயிரிழை விலகினாலும் குண்டு உள்ளே இருக்கும் தடுப்புத் தகட்டை உரசும். ஏற்கெனவே மரை இருந்தால் அதன் அளவைக் கேட்டு எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். செக் நாட்டு ரைஃபிள்கள் பலவற்றில் குழல் முனையில் அரை அங்குல விட்டத்தில், அங்குலத்துக்கு 20 மரை இருக்கும். அமெரிக்கச் சந்தைக்குச் செய்தவற்றில் 28. மாற்றி முறுக்கினால் இரண்டும் பாழ்.

எதை வாங்குவது என்றால், பிரிக்கக்கூடியதைத்தான். இதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. .22 குண்டுகளில் பெரும்பாலானவை வெறும் ஈயம், மேலே மெழுகோ லேசான செம்புப் பூச்சோ மட்டும். சுடச்சுட ஈயமும் கரியும் தகடுகளில் படிந்து, வெற்றிலை போட்ட பல்லில் காவி ஏறுவதுபோல இறுகிவிடும். பெரிய வேட்டை ரைஃபிளில் குண்டுக்குச் செம்பு உறை இருக்கும், வாயுவின் அழுத்தமும் சூடும் அதிகம், அதனால் மூடிய குழாயே அங்கே வருடக்கணக்கில் ஓடும். .22-இல் மூடியதை வாங்கினால், எடை கூடிக்கூடி கடைசியில் குப்பைக்குத்தான் போகும். தகடுகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருந்தால் சுரண்டலாம், தேய்க்கலாம். அலுமினியம் எடை குறைவு, ஆனால் மென்மை. காரமான அடுப்புச் சுத்திகரிப்பு மருந்து பட்டால் அரித்துவிடும். வெளிக்குழாய் அலுமினியம், உள்ளே ஸ்டீல் என்ற ரகம் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். .17 மேக்னமும் (.22-ஐவிட மெலிந்த, அதிவேகத் தோட்டா) சுடுவீர்கள் என்றால், அதற்குத் தாங்கும் என்று தயாரிப்பாளரே சொல்லியிருக்க வேண்டும். கடைக்காரர் சொன்னால் போதாது.

மாட்டியதும் குறி இடம் மாறும். சைலன்சரோடு சுட்டு ஸ்கோப்பைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். நடுநடுவே துப்பாக்கியைக் காலி செய்துவிட்டு, அது தளர்ந்திருக்கிறதா என்று கையால் முறுக்கிப் பாருங்கள். வீடு திரும்பியதும் கழற்றிவிட்டுத்தான் ரைஃபிளைப் பெட்டகத்தில் வைக்க வேண்டும். நம் கடற்கரை ஈரக்காற்றில் அதை மாட்டியபடியே விட்டால் குழல் முனையில் துரு பிடிக்கும்.

கேள்வி: டர்பனில் ‘புஸ்’ என்று போகும் அதே தோட்டா, ஜூலை மாதம் அண்டர்பெர்க் மலைப்பக்கம் விடியற்காலையில் சில சமயம் ‘டப்’ என்று வெடிக்கிறது. சைலன்சர் கெட்டுவிட்டதா?
- பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

பதில்: சைலன்சர் நன்றாகத்தான் இருக்கிறது. அது வெடிமருந்தின் வாயுவை அடக்கும். குண்டு ஒலியின் வேகத்தைத் தாண்டினால் எழும் வெடிப்பை எந்தக் குழாயும் அடக்காது. 30 டிகிரி வெயிலில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் ஓடும். உறைபனிக் காலையில் 331 மீட்டர்தான். மலை உயரம் என்று பழி போடுவார்கள், காரணம் குளிர். 325 மீட்டர் என்று பெட்டியில் போட்ட தோட்டாவில் ஒன்றிரண்டு வேகமாகப் போனாலே எல்லை தாண்டிவிடும். மலைக்குப் போகும்போது 315-க்குக் கீழே உள்ளதை எடுத்துப் போங்கள். முதல் குண்டு மட்டும் சத்தம் போட்டால் அது வேறு கதை: குழாய்க்குள் இருந்த காற்றின் ஆக்சிஜனில் மீதி மருந்து எரிகிறது. அது இயல்பு.

கேள்வி: ஐயா, என் மகன் சைலன்சர் தகடுகளைச் சமையலறைத் தொட்டியில் வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் ஊற்றி ஊறவைக்கிறான். நண்பர்கள் சொல்லிக் கொடுத்தார்களாம். எனக்குப் பயமாக இருக்கிறது.
- ஒரு தாய், பீனிக்ஸ்

பதில்: அம்மா, நீங்கள் பயப்படுவதுதான் சரி. இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அந்தக் கலவை ஈயத்தைக் கரைத்து ஈய அசிடேட் ஆக்கிவிடும். அது தண்ணீரில் கரையும் விஷம், தோல் வழியாகவும் ஏறும். தகடு பளபளவென்று வரும், அதில்தான் பையன்கள் ஏமாறுகிறார்கள். மிஞ்சிய தண்ணீரைத் தொட்டியிலோ தோட்டத்திலோ ஊற்றவே கூடாது. மூடிய டப்பாவில் அடைத்து, பெயர் எழுதி, ஆபத்தான கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும்.

சில நூறு குண்டுக்கு ஒருமுறை வீட்டுக்கு வெளியே, கையுறை போட்டு, துப்பாக்கி எண்ணெயில் ஊறவைத்து, பிளாஸ்டிக் அல்லது பித்தளைத் தூரிகையால் ஈரமாகவே தேய்த்தால் போதும். உலர்ந்த கரியை ஊதக் கூடாது. தகடுகள் வந்த வரிசையைப் போனில் படம் பிடித்துக்கொள்ளட்டும். மாற்றி அடுக்கினால் குண்டு மோதும். அந்தத் தூரிகையும் பாத்திரமும் சமையலறைப் பக்கமே வரக் கூடாது. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் மருத்துவரிடம் சொல்லி இரத்தத்தில் ஈய அளவு பார்த்துவிடுங்கள்.

கேள்வி: .22 கைத்துப்பாக்கிக்கும் மெதுவான சப்சானிக் (ஒலியைவிட வேகம் குறைந்த) தோட்டாதான் வாங்க வேண்டுமா? காதுக்கவசம் தேவையா?
- சாட்ஸ்வொர்த் வாசகர்

பதில்: பெரும்பாலும் வேண்டாம். நாலு அங்குலக் குழலில் சாதாரண வேகத் தோட்டாவே ஒலிக்குக் கீழேதான் போகும். சப்சானிக் போட்டால் ஸ்லைடு (சுட்டதும் பின்னால் நகர்ந்து அடுத்த தோட்டாவை ஏற்றும் மேல்பகுதி) முழுதாகப் பின்னால் போகாமல் சிக்கிக்கொள்ளும். குட்டையான குழலில் எரியாத மருந்து அதிகம் வரும், ரைஃபிளைவிடச் சீக்கிரம் அழுக்காகும். வால்தர் பி22 போன்றவற்றுக்கு இடையில் ஓர் அடாப்டர் வேண்டும். சைலன்சரைக் கழற்றும்போது அதுவும் கூடவே கழன்று வந்துவிடும், கவனியுங்கள். ரேஞ்சில் கவசம் போட்டே தீர வேண்டும், பக்கத்து வரிசைக்காரர் சைலன்சர் போட்டிருக்க மாட்டார்.