வழி சொன்னவர்: மரீனா ரஸ்கோவா பற்றிய கேள்வி பதில்

சோவியத் விமானப்படையின் மரீனா ரஸ்கோவாவைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் எனக்கு நேரம் போவதே தெரியாது. பல வருடமாகத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, உலகின் முதல் பெண் போர் விமானி இவர்தானா?

இல்லை. துருக்கியின் சபிஹா கோக்சென் 1937-லேயே ராணுவ நடவடிக்கையில் பறந்துவிட்டார். ரஸ்கோவா வேறொன்றில் முதல்: 1933-இல் சோவியத் விமானப்படையின் முதல் பெண் நேவிகேட்டர் ஆனார். அதாவது ஓட்டுபவர் அல்ல, வழி சொல்பவர். விமானம் ஓட்டக் கற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். அவரை வெறும் ‘விமானி’ என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் ஆளையே தவறவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

கேள்வி: சின்ன வயதிலிருந்தே விமானக் கனவா?

கிடையாது, பாட்டுக் கனவு. 1912-இல் மாஸ்கோவில் பிறந்தார். அப்பா பாடகர். மகளும் அதே வழியில் போக நினைத்தார், உடம்பு ஒத்துழைக்கவில்லை. சாயத் தொழிற்சாலையில் வேலைக்குப் போனார், கல்யாணம் ஆயிற்று, 1930-இல் மகள் பிறந்தாள். அடுத்த வருடம் ழுக்கோவ்ஸ்கி விமானப்படைக் கல்விக்கழகத்தின் ஆய்வகத்தில் வரைபடம் வரையும் வேலை கிடைத்தது. மற்றவர்களுக்காக வரைந்துகொண்டிருந்தவர், அந்த வரைபடங்களை வைத்து எப்படிப் பறக்கிறார்கள் என்பதையும் கற்றுக்கொண்டார். இரண்டே வருடத்தில் நேவிகேட்டர் தகுதி. அப்புறம் அதே கல்விக்கழகத்தில் அதிகாரிகளுக்குப் பாடம் எடுத்தார். கைக்குழந்தையோடு இதைச் செய்தார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

கேள்வி: காட்டில் பத்து நாள் தனியாகத் திரிந்தார் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். 1938 செப்டம்பர் 24 அன்று ‘ரோதினா’, அதாவது ‘தாய்நாடு’ என்ற விமானத்தில் மூன்று பெண்கள் மாஸ்கோ பக்கத்திலிருந்து தூரகிழக்குக்குக் கிளம்பினார்கள். வலந்தீனா கிரிசதூபவா தலைமை விமானி, பலீனா ஒசிபென்கோ துணை விமானி, ரஸ்கோவா நேவிகேட்டர். வானிலை மோசம், வானொலித் தொடர்பும் அறுந்துபோயிற்று. எரிபொருள் தீரப்போகும் நேரத்தில் கீழே இருந்தது காடும் சதுப்பும் மட்டும்.

அந்த விமானத்தில் நேவிகேட்டரின் இடம் மூக்கு நுனியில், கண்ணாடிக் கூண்டு மாதிரி இருந்தது. அங்கிருந்து மற்ற இருவரிடமும் போக உள்ளே வழி கிடையாது. சக்கரத்தை இறக்காமல் வயிற்றால் தரையிறங்கினால் முதலில் நசுங்குவது அந்த மூக்குதான். அதனால் கிரிசதூபவா அவரைக் குதிக்கச் சொன்னார். பாராசூட்டோடு குதித்தார். அவசரகாலப் பை விமானத்திலேயே நின்றுவிட்டது. கையில் இருந்த துளி சாக்லேட்டும், காட்டில் கிடைத்த பெர்ரிப் பழங்களும் காளான்களும்தான் சாப்பாடு. பத்தாவது நாள் விமானத்தைக் கண்டுபிடித்து நடந்தே வந்து சேர்ந்தார். இருவரும் அங்கே உயிரோடு காத்திருந்தார்கள்.

26 மணி 29 நிமிடப் பறப்பு, நேர்கோட்டில் 5,908 கிலோமீட்டர்: பெண்களில் அன்றைய உலக சாதனை. மூவருக்கும் ‘சோவியத் யூனியனின் வீரர்’ பட்டம் கிடைத்தது. அதற்கு முன் எந்தப் பெண்ணுக்கும் அது கொடுக்கப்படவில்லை. ஆனால் இவர்களைத் தேடப்போன இரண்டு விமானங்கள் வானில் மோதி, அவற்றில் இருந்த பலர் இறந்தார்கள். அந்தச் செய்தியை அரசு நெடுங்காலம் வெளியே விடவில்லை. சாதனையைச் சொல்லும்போது இறந்தவர்களையும் சேர்த்தே சொல்வது என் வழக்கம்.

கேள்வி: ரகசியப் போலீஸில் இருந்தாராமே? மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆமாம். 1937 முதல் என்.கே.வி.டி.யில் ஆலோசகர், பிறகு அதிகாரி. அந்த அமைப்பு அந்த வருடங்களில் எத்தனை குடும்பங்களை அழித்தது என்பது ஊரறிந்த விஷயம். எனக்குப் பிடித்தவர் என்பதற்காக இதைத் துடைத்துவிட முடியாது.

கேள்வி: பெண்கள் ரெஜிமென்ட் (விமானப் படைப்பிரிவு) யோசனை யாருடையது?

அவருடையதுதான். ஜெர்மனி படையெடுத்ததும் நாடு முழுவதிலிருந்தும் பெண் விமானிகள் ரஸ்கோவாவுக்குக் கடிதம் எழுதினார்கள், ‘எங்களைப் போர்முனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்’ என்று. ஃப்ளையிங் கிளப்புகளில் பயின்றவர்கள் ஏராளமாக இருந்தார்கள், ஆனால் ராணுவம் அவர்களைச் சேர்க்கவில்லை. அவர் மேலிடத்தில் பேசினார். 1941 அக்டோபரில் மூன்று ரெஜிமென்ட் அமைக்க உத்தரவு வந்தது: 586-ஆவது சண்டை விமானங்களுக்கு, 587-ஆவது குண்டுவீச்சுக்கு, 588-ஆவது இரவுக் குண்டுவீச்சுக்கு.

வோல்கா கரையில் எங்கெல்ஸ் நகரில் பயிற்சி. சமாதான காலத்தில் வருடக்கணக்கில் கற்பதைச் சில மாதங்களில் முடிக்க வேண்டியிருந்தது. கொடுத்ததெல்லாம் ஆண்கள் உடுப்பு. பூட்ஸ் பெரிதாக இருந்ததால் உள்ளே காகிதம் திணித்து நடந்தார்கள். பின்னாளில் சண்டை விமானியாகப் புகழ்பெற்ற லிதியா லித்வியாக் தன் பூட்ஸின் ரோமத்தை வெட்டிக் கோட்டுக் காலரில் தைத்துக்கொண்டதாகவும், ரஸ்கோவா அதைப் பிரித்து மறுபடி பூட்ஸிலேயே தைக்க வைத்ததாகவும் கூட இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கண்டிப்பானவர்தான். ஆனால் அந்தப் பெண்கள் அவர் பேச்சைத் தட்டியதில்லை.

கேள்வி: ‘இரவுச் சூனியக்காரிகள்’ இவருடைய ஆட்களா?

588 ரெஜிமென்ட்தான் அது. ஜெர்மானியர்கள் வைத்த பெயர். ஆனால் போர்க்களத்தில் அதற்குத் தலைமை வகித்தவர் எவ்தக்கியா பெர்ஷான்ஸ்கயா. மரச்சட்டமும் துணியுமாகச் செய்த, பயிற்சிக்கான போ-2 விமானம். இலக்கை நெருங்கும்போது என்ஜினை அடக்கி மிதந்து வருவார்கள், காற்று இறக்கையில் உரசும் சத்தம் மட்டும் கேட்கும். குண்டைப் போட்டுத் திரும்பி, மறுபடி ஏற்றிக்கொண்டு, ஒரே இரவில் பல தடவை போவார்கள். போர் முடியும்போது அவர்கள் பறந்தது 23,000 தடவைக்கும் மேல். 1944 வரை பெரும்பாலும் பாராசூட்கூட இல்லை.

கேள்வி: எப்படி இறந்தார்? சண்டையிலா?

இல்லை. 587-க்கு அவரே தலைவர். அந்த ரெஜிமென்டுக்குக் கிடைத்த பே-2 கனமான விமானம். கிளம்பும்போது விமானிக்குப் பலம் போதாமல் நேவிகேட்டரும் சேர்ந்து கட்டுப்பாட்டுத் தண்டை இழுக்க வேண்டியிருந்தது. 1943 ஜனவரி 4 அன்று போர்முனைக்குப் போகும் வழியில், மோசமான வானிலையில், சராத்தோவ் பக்கம் வோல்கா கரையில் அவர் ஓட்டிய விமானம் மோதியது. உடன் இருந்த யாரும் பிழைக்கவில்லை. அவருக்கு வயது 30. அஸ்தி கிரெம்ளின் சுவரில் வைக்கப்பட்டது. அவர் ஒரு நாள்கூடத் தன் ரெஜிமென்டைச் சண்டையில் நடத்தவில்லை. எத்தனை தடவை படித்தாலும் எனக்கு ஆறாத இடம் இது.

கேள்வி: அவருக்குப் பின் 587 என்ன ஆயிற்று?

வலந்தீன் மார்க்கவ் என்ற ஆண் அதிகாரியைத் தலைவராகப் போட்டார்கள். ரஸ்கோவாவின் இடத்தில் ஓர் ஆணா என்று முதலில் பெண்களுக்குப் பிடிக்கவில்லை. கொஞ்ச நாளில் நம்பிக்கை வந்துவிட்டது. ரெஜிமென்ட் ரஸ்கோவா பெயரையே தாங்கிப் போர் முடியும்வரை பறந்தது. மார்க்கவ் பின்னாளில் அதே ரெஜிமென்டின் கலீனா ஜுன்கோவ்ஸ்கயாவைக் கல்யாணம் செய்துகொண்டார். கலீனாவும் நேவிகேட்டர்தான்.