குருகின் காலை யார் பார்த்தது?

(வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: பதினொன்றாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். பாடலை வாசித்துவிட்டு "என்ன புரிந்தது?" என்று கேட்டால் வகுப்பே குனிந்துகொள்கிறது. "சார், பொருள் சொல்லுங்க, எழுதிக்கிறோம்" என்கிறார்கள். அவர்களாகவே ஒரு பாட்டை ஆராய எப்படிப் பழக்குவது?
– ஓர் ஆசிரியர், மன்னார்குடி

பதில்: அவர்களைக் குறை சொல்லாதீர்கள், தம்பி. பொருள் எப்படியும் வாத்தியார் வாயிலிருந்து வரும் என்று தெரிந்தபின் எவன் மெனக்கெடுவான்? முதல் பதினைந்து வருடம் நானும் அப்படித்தான் நடத்தினேன். கபிலர் பாட்டு என்றால் எனக்குச் சாமி வந்துவிடும். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்கள், பரீட்சையில் என் வாக்கியத்தையே எனக்குத் திருப்பித் தருவார்கள். அதைப் படித்துப் பூரித்தும் போயிருக்கிறேன், வெட்கக்கேடு.

ஒருநாள் தொண்டை கட்டிக்கொண்டது. பேச்சே வரவில்லை. லீவும் இல்லை. குறுந்தொகை 25ஆம் பாட்டைக் கரும்பலகையில் எழுதிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

யாரும் இல்லை; தானே கள்வன்;
தானது பொய்ப்பின், யான்எவன் செய்கோ?
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டு, தான் மணந்த ஞான்றே.

ஓரத்தில் அருஞ்சொற்கள் மட்டும்: எவன் – என்ன, ஞான்று – நாள், குருகு – கொக்கு போல ஒரு நீர்ப்பறவை, மணந்த – கூடிய. சொற்பொருளில் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. அதை மறைத்து வைத்துப் பிள்ளைகளைத் திணறவிடுவது ஆராய்ச்சி ஆகாது. பொழிப்பைத்தான் தரக்கூடாது.

பத்து நிமிடம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு பையன், "தினைத்தாள்னா விடைத்தாள் மாதிரியா டீச்சர்?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "அறுப்பு முடிஞ்சா வயல்ல குத்திக்கிட்டு நிக்குமே, அந்தத் தாள்டா" என்றாள். அவ்வளவுதான், வகுப்பு திறந்துகொண்டது. நான் பலகையில் ஒரே ஒரு கேள்வி எழுதினேன்: குருகின் கால் எப்படி இருந்தது என்பது பாட்டில் பேசுகிற இவளுக்கு எப்படித் தெரியும்?

"குனிஞ்சுக்கிட்டே இருந்திருப்பா" என்று ஒரு பெண் சொன்னாள். வெட்கம் என்ற சொல்லே இல்லாத பாட்டில் வெட்கத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். அடுத்து, வாய்க்காலில் தூண்டில் போடுகிற பையன் ஒருவன்: "டீச்சர், ஆரல் மணலுக்குள்ள புதைஞ்சுக்கும். கண்ணு சிமிட்டினா போச்சு. அதுக்குக் காத்திருக்கிற குருகு வேற எதையும் பார்க்காது. அவன் கூட இருந்த நாளுக்கு இவ சொல்ற சாட்சி சாட்சியே இல்ல." நான் அதுவரை ஆரல் மீனைக் கண்ணால் கண்டதில்லை. 'ஆரல் – ஒருவகை மீன்' என்று வருடாவருடம் சொல்லிவிட்டுத் தாண்டியிருக்கிறேன்.

ஆகவே நாலு முதல் எட்டு அடிக்குள் ஒரு பாட்டை எடுங்கள். குறுந்தொகையில் அநேகமாக எல்லாமே அந்த அளவுதான். இரண்டு தரம் சத்தமாக வாசிக்கச் செய்யுங்கள். யார், யாரிடம் பேசுகிறார் என்று அவர்களே முடிவு செய்யட்டும். பாட்டுக்கு அடியில் இருக்கும் கூற்றுக் குறிப்பை, அதாவது 'வரைவு நீட்டித்தவிடத்துத் தலைமகள் தோழிக்குச் சொல்லியது' (கல்யாணம் தள்ளிப்போனபோது தலைவி தோழியிடம் சொன்னது) என்பதை, கடைசியில் காட்டுங்கள். பின்னால் வந்தவர்கள் எழுதி வைத்த குறிப்புதானே அது. என் வகுப்பில் சிலர், "தோழிக்கு இல்ல டீச்சர், தனக்குத்தானே பேசிக்கிறா" என்று அதோடேயே சண்டை பிடித்தார்கள். அப்படிச் சண்டை வரும் நாளில் மணியடித்தாலும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்று. உங்களுக்கே விடை தெரியாத கேள்வி ஒன்றைக் கேளுங்கள். 'யாரும் இல்லை' என்று தொடங்கியவள் 'குருகும் உண்டு' என்று முடிக்கிறாளே, அந்த 'உம்' ஆறுதலா, தன்னையே எள்ளிக்கொள்வதா? நான் இதுவரை மூன்று தரம் மனம் மாறியிருக்கிறேன்.

கேள்வி: அப்படியென்றால் மாணவன் என்ன பொருள் சொன்னாலும் சரி என்று விட்டுவிடுவதா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: விடக்கூடாது. "எந்தச் சொல்லில் இருக்கிறது? விரலை வை" என்று கேட்பேன். "அவன் இவளை ஏமாற்றிவிட்டான்" என்றான் ஒருவன். வை விரலை என்றேன். 'பொய்ப்பின்' மேல் வைத்தான். பொய்த்தான் என்றா இருக்கிறது? பொய்த்தால் என்றல்லவா இருக்கிறது? அவன் இன்னும் பொய் சொல்லவில்லை. சொல்லிவிடுவானோ என்ற பயம்தான் முழுப் பாட்டும். அன்றைக்குத்தான் வினையெச்சம் எதற்கு என்று அவர்களுக்கு விளங்கியது. இலக்கணத்தைத் தனி நாளில் தனிப் பாடமாக நடத்தி நாம் வீணாக்குகிறோம் என்பது என் பழைய புலம்பல்.

விரல் வைக்க இடமிருந்தால், என் கருத்துக்கு நேர் எதிராக இருந்தாலும் ஒப்புக்கொள்வேன்.

கேள்வி: பரீட்சையில் 'பா நயம் பாராட்டுக' என்று வருகிறதே? அதற்கு மனப்பாடம்தானே கைகொடுக்கிறது?
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, சேலம்

பதில்: கைகொடுக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். 'மதுரைக்கு வைகை, செய்யுளுக்கு எதுகை', 'குயவனுக்குப் பானை, செய்யுளுக்கு மோனை' என்று எழுதிய தாள்களை எத்தனையோ திருத்தியிருக்கிறேன். அந்த வரிக்குக் கீழே, கேள்வியில் கொடுத்த பாட்டில் இல்லவே இல்லாத சொற்களை மோனைக்கு எடுத்துக்காட்டாக எழுதியவர்களும் உண்டு! தலைப்புகளைத் தாராளமாக வைத்துக்கொள், கண்ணு. ஆனால் ஒவ்வொன்றின் கீழும் அந்தப் பாட்டுக்கு மட்டுமே பொருந்துகிற ஒரு வாக்கியம் எழுது. திருத்துகிறவர் கை அங்கே ஒரு நிமிடம் நிற்கும்.

கேள்வி: புலவர் வரலாற்றை முதலில் சொல்ல வேண்டாமா?
– ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: வேண்டாம். பாட்டு பிடித்துப்போனால் அவர்களே கேட்பார்கள். 'செம்புலப் பெயல்நீர்' என்ற உவமையாலேயே பெயர் பெற்றவரின் சொந்தப் பெயர் நமக்குத் தெரியாது. பாட்டுக்கு அதனால் என்ன குறைந்துவிட்டது?

கேள்வி: நான் பத்தாவதோடு நிறுத்தியவள். மகள் செய்யுளைக் கொண்டுவந்து பொருள் கேட்டால் முழிக்கிறேன். எப்படி உதவுவது?
– ஒரு தாய், கும்பகோணம்

பதில்: முழிப்பதே நல்ல உதவிதான் அம்மா. "எனக்குப் புரியலடி, நீ சொல்லு, இதுல யாரு பேசுறா, யாருக்கு?" என்று கேளுங்கள். நீங்கள் சமைத்துக்கொண்டே கேட்கலாம். அவள் சொல்வது இடறினால் "மறுபடி வாசி" என்று மட்டும் சொல்லுங்கள். குருகுப் பாட்டு வரும்போது உங்கள் ஊர் மீன் சந்தைக்கு ஒரு நடை கூட்டிப்போங்கள். ஆரல் வந்திருந்தால் கையில் பிடித்துப் பார்க்கட்டும். வழுக்கும்.