அலுவலக போனின் ஸ்டார் குறியீடுகளுக்கான கையேடு எங்கே கிடைக்கும்?

அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்புவது, வாய்ஸ்மெயில் கேட்பது போன்ற வேலைகளுக்காக நாம் அழுத்தும் *72, *97 மாதிரியான எண்களே வசதிக் குறியீடுகள். சாதாரண போனில் இருப்பது 12 பொத்தான்கள்தான், வசதிகளோ ஏராளம். அதனால் ஸ்டாரில் தொடங்கினால் அது கட்டளை என்று அலுவலக போன்களின் அழைப்புகளை இணைக்கும் பிபிஎக்ஸ் இணைப்பகம் புரிந்துகொள்கிறது.

பெரும்பாலும் குறியீட்டுக்குப் பொருள் தருவது இந்த இணைப்பகம்தான். போனின் மாடல் எண்ணை வைத்து எவ்வளவு தேடினாலும் கிடைக்காமல் போவது இதனால்தான். பல்பு டப்பாவைப் படித்தால் எந்த சுவிட்ச் எந்த அறைக்கு என்று தெரியுமா? வயரிங் செய்தவரைத்தானே கேட்க வேண்டும்!

சரி, முதலில் இணைப்பகத்தின் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பெயரோடு ‘யூசர் கைடு’ என்று தேடுங்கள். ‘அட்மின் கைடு’ பராமரிப்பவருக்கானது. உங்கள் இணைப்பகம் ஃப்ரீபிபிஎக்ஸ் என்றால் அதன் நிர்வாகப் பக்கத்தில் ‘ஃபீச்சர் கோட்ஸ்’ என்றே ஒரு பகுதி உண்டு. அதில் *72 அழைப்பைத் திருப்பும், *73 அதை நிறுத்தும். நிர்வாகி இவற்றை மாற்றியும் வைக்கலாம். எனவே நடப்புப் பட்டியலை அவரிடமே வாங்குவது நல்லது.

அப்புறம், செல்போனில் வேலை செய்யும் **21* போன்ற குறியீடு அலுவலக போனிலும் அப்படியே வேலை செய்யும் எனப் பலர் நினைக்கிறார்கள். அது செல்போன் நெட்வொர்க்குக்கான கட்டளை.